வெளுத்த கட்டில்

காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை ஊரார் வீட்டு மரச்சாமானை வெளுத்துவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்தும் அதே வேலையைச் செய்வானா? செய்தார். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. அவராகத்தான் ஆரம்பித்தார்.

பட்டறையில் அவருக்கு வெளுப்பண்ணன் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ஒரு காலத்தில் மேசையோ அலமாரியோ எவ்வளவு கறுத்து மினுங்குகிறதோ அவ்வளவு மதிப்பு. இப்போது காற்று திரும்பிவிட்டது. எல்லாருக்கும் பிஸ்கட் நிறத்தில் வேண்டும். மரத்துக்கென்று பிறவியிலேயே இருக்கிற நிறத்தையும் எடுத்துவிட வேண்டுமாம். "மனுஷத் தோலைத்தான் வெளுக்கணும்னு படுத்தறாங்கன்னா, மரத்தையுமா விடமாட்டாங்க?" என்பார் மேஸ்திரி. தினமும் அதே நகைச்சுவைதான். தினமும் அவர் ஒருவர்தான் சிரிப்பார்.

வேலை ஒன்றும் மந்திரமில்லை, ஆனால் ஆளைக் கொல்லும். முதலில் பழைய வார்னிஷை உரித்து, உப்புத்தாள் போட்டு மரத்தைப் பச்சையாக வெளியே கொண்டுவர வேண்டும். பிறகு காஸ்டிக் சோடா கரைசலைத் தடவ வேண்டும். தடவியதும் மரம் வெளுக்காது, இன்னும் கறுத்துப்போகும். புதிதாகப் பார்க்கிறவர்கள் சாமான் பாழாகிவிட்டதென்றே நினைப்பார்கள். அந்த ஈரத்தின் மேலேயே பெராக்சைடை ஊற்றித் தேய்த்தால் நுரை பொங்கும், சீறும். அதற்கப்புறம்தான் நிறம் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பிக்கும். மறுநாள் வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து மருந்தின் வேகத்தை முறிக்க வேண்டும். இரண்டு நாள் காயவிட்டால் மரத்தில் மயிர் மயிராய்ச் சிலும்பு எழுந்திருக்கும். அதை மறுபடியும் தேய்த்து, நிறமில்லாத பூச்சு ஒன்றைக் கொடுத்தால் முடிந்தது. முப்பது வருஷமாக இதையும் இதற்கு முந்தைய கறுப்பு வேலையையும் செய்து செய்து வலது தோள்பட்டை அவருடையதாகவே இல்லை. சட்டை போடும்போது அந்தக் கையை இன்னொரு கைதான் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

இப்படிப்பட்டவர் வீட்டிலும் வாளியைத் தூக்கியதற்குக் காரணம் அவருடைய மனைவியின் கண்.

ஒரு வருஷமாகவே பார்வை இறங்கிக்கொண்டு வந்தது. கண் நரம்பு கெட்டுவிட்டது, போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இருக்கிற பார்வையை வெச்சு ஓட்டணும். வீட்டை நல்லா வெளிச்சமா வெச்சுக்கங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான் வைத்தியம். முகங்கள் போய்விட்டன. எழுத்து போய்விட்டது. பெரிய பெரிய உருவங்கள் மட்டும் புகைக்குள் நிற்கிற மாதிரி அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தன.

ஒரே மகள். நாலு மணி நேர ரயில் தூரத்தில், மூன்றாவது மாடியில், புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாக இருக்கிறாள். நாள் தவறாமல் போன் செய்வாள். ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டுத் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா பகல் முழுக்க ஒண்டியா இருக்காங்கப்பா. எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடல. இன்னும் ஒன்றரை மாசத்துல லீவு போட்டுட்டு வர்றேன். ரெண்டு நாள் இருந்து பார்ப்பேன். அம்மாவால தனியா நடமாட முடியுதுன்னா சரி, விட்டுட்டுப் போறேன். முடியலன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க குறுக்க நிக்கக்கூடாது."

நியாயமான பேச்சுதான். குறுக்கே நிற்க அவரிடம் என்ன இருக்கிறது? மகள் வீட்டில் இன்னொரு பாய் விரிக்கலாம், இரண்டு பாய் விரிக்க இடமில்லை. இந்த வயதில் புது ஊரில் அவருக்கு வேலை கொடுக்க யார் காத்திருக்கிறார்கள்? போனால் அவள் போவாள், அவர் இங்கே இருப்பார். முப்பத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, கடைசியில் ஆளுக்கொரு ஊரா? ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம் அவர். மனைவிக்குக் கண் போனதிலிருந்து இருந்த நாலு வார்த்தையும் நின்றுபோயிருந்தது. வருவார், சாப்பிடுவார், படுப்பார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள்தான் சொன்னாள்: "இந்த அலமாரி என்னங்க, குகை மாதிரி நிக்குது. இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் இதுவே முழுங்கிடுது."

அவர் கை அப்படியே நின்றது. அட, ஆமாம்! டாக்டர் என்ன சொன்னார்? வெளிச்சம். வீட்டில் என்ன இருக்கிறது? கட்டில், அலமாரி, மேசை, இரண்டு நாற்காலி. அத்தனையும் கன்னங்கரேலென்ற மரம், அந்தக் காலத்தில் அவரே மூன்று பூச்சுக் கொடுத்துக் கறுக்கவைத்தது. வேறொருவனாக இருந்தால் நாலு பல்பு வாங்கி மாட்டியிருப்பான். இவருக்குத் தெரிந்த வெளிச்சம் வாளியிலும் பிரஷ்ஷிலும் இருந்தது. கறுப்பைப் போக்கிவிட்டால் வீடு பளிச்சென்று ஆகிவிடும், அவளுக்கு எல்லாம் தெரியும், மகள் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போவாள். இதுதான் அவர் போட்ட கணக்கு.

மறுநாளே அலமாரியில் கைவைத்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு வந்து, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு உட்காருவார். தோள் கெஞ்சும். உடம்பு படு படு என்று சொல்லும். படுக்கமாட்டார். மருந்து நெடி அவள் கண்ணுக்கு ஆகாதென்று, அடுத்த அறை வாசலில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்திருந்தார். அவளுக்கோ இவர் என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இப்ப என்ன பண்றீங்க?"

"சோடா தடவறேன்."

"வெளுக்குதா?"

"எங்க வெளுக்குது? இன்னும் கறுக்குது. இப்ப இன்னொண்ணை ஊத்தினாத்தான்."

"ஐயோ, என்னங்க இப்படிச் சீறுது!"

"அது அப்படித்தான் சீறும். நீ எழுந்திரிக்காத. அங்கேயே இரு."

பார்க்க முடியாதவளுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னார். மரத்தைச் சொல்ல ஆரம்பித்தவர் மெல்ல மெல்லப் பட்டறையைச் சொன்னார். மேஸ்திரியின் நகைச்சுவையைச் சொன்னார், அவள் சிரித்தாள், அந்த நகைச்சுவைக்குச் சிரித்த இரண்டாவது ஆள் அவள்தான். நாயைக் கூடவே பிடித்துக்கொண்டு வந்து, "என் வீட்டு வாசக்கதவு இந்த நிறத்துல வேணும்" என்று அதன் முதுகைக் காட்டிய ஒரு அம்மாளைப் பற்றிச் சொன்னார். "நாய் சும்மா நின்னுச்சா?" என்றாள். "எங்க நின்னுது? மேஸ்திரியோட செருப்பைக் கவ்விட்டு ஓடிடுச்சு" என்றார். அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

அலமாரி முடிந்தது. பிறகு மேசை. பிறகு நாற்காலிகள். கடைசியாகக் கட்டில், அதுதான் உயிரை எடுத்தது. இரண்டு தரம் வெளுத்தும் தலைமாட்டுப் பலகை மஞ்சளிலேயே நின்று அடம்பிடித்தது. மூன்றாம் தரமும் ஊற்றினார். கையுறையில் எங்கோ பொத்தலாகி விரல் நுனிகள் வெள்ளை வெள்ளையாய்ப் பொரிந்துபோயின. சாப்பிடும்போது எரிந்தது. பட்டறையில் நின்றுகொண்டே தூங்கினார். நாற்பது நாள், ஒருநாள் விடாமல் இப்படித்தான் போயிற்று.

ஆனால் வேலையைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வேலை அவர் கையிலிருந்து வந்ததில்லை. திட்டில்லை, கறையில்லை. கட்டில் நறுக்கின வெள்ளரித் துண்டு மாதிரி இருந்தது. வெளிர் சுவரும் வெளிர் தரையும் ஏற்கெனவே இருந்தன, இப்போது சாமான்களும் சேர்ந்துகொண்டன. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "வீடே பெருசான மாதிரி இருக்குதுங்க" என்றார். மனைவியும் கையால் தடவிப் பார்த்து, "வழவழன்னு வந்திருக்குங்க" என்றாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மகள் வர நாலு நாள் இருந்தது. அன்றைக்குப் பட்டறையில் கம்ப்ரசர் புகைந்துபோய், மதியமே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் வந்தபோது கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்ததால் அவர் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் சமையலறையிலிருந்து ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். இன்னொரு கை முன்னால் காற்றைத் துழாவிக்கொண்டு வந்தது. நாலு அடி வைத்தாள். மேசை முனை இடுப்பில் இடித்தது. "ஸ்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இடித்த இடத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு நகர்ந்தாள், பழகிப்போன ஆள் மாதிரி. அடுத்தது கட்டில் கால். முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. அதற்கும் அவள் கத்தவில்லை. கட்டில் இருக்கிறதென்று நினைத்து உட்காரப் போனாள். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். கட்டில் அங்கே இல்லை. தட்டோடு தரையில் விழுந்தாள்.

அவர் ஓடிப்போய்த் தூக்கினார்.

"யாரு... நீங்களா? இந்நேரத்துக்கா?" என்றாள். அடிபட்டதைவிட அவர் வந்துவிட்டதுதான் அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது போலிருந்தது. புடவையை இழுத்து இழுத்துக் காலை மூடினாள். அவர் அதை விலக்கிப் பார்த்தார். இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் பச்சையும் மஞ்சளும் கருநீலமுமாய்க் கன்றிப்போன தடங்கள். ஒருநாள் அடி இல்லை, பல நாள் அடி.

"எத்தனை நாளா இப்படி?"

அவள் தரையில் சிந்தின சோற்றைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கேக்கறேன்ல? எத்தனை நாளா?"

"அதை விடுங்க. முன்னாடியெல்லாம் கறுப்பா ஒண்ணு நிக்கும், அதுதான் கட்டில்னு ஒதுங்கிடுவேன். பெரிய கறுப்பு அலமாரி, சின்னக் கறுப்பு நாற்காலி. இப்ப எல்லாம் ஒண்ணுபோல ஆயிடுச்சுங்க. சுவரும் அதே, தரையும் அதே, சாமானும் அதே. பாலுக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு சின்ன விஷயம் அவருக்கு ஏன் தோன்றவில்லை? வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுப்புதானே எடுப்பாகத் தெரியும்? பட்டறையில் ஒரு பலகையில் புள்ளி கறை இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவர். கறையே இல்லாமல் செய்வதற்குத்தான் சம்பளம் வாங்குகிறவர். அவளுக்குப் பிடித்துக்கொள்ள மிச்சமிருந்த கறையையும் அவரே தேய்த்து எடுத்துவிட்டார்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"அலமாரி முடிஞ்சப்பவே."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. வருஷக்கணக்காகக் குரலை உயர்த்தாத மனுஷன் கத்தினார். "உனக்கென்ன பைத்தியமா? அலமாரியோட சொல்லியிருந்தா அதோட விட்டிருப்பேனே! அதுக்கப்புறம் மேசை, நாற்காலி, கட்டில்... கட்டிலை மூணு தரம் வெளுத்தேன்டி! தோள் செத்துப்போச்சு. கையைப் பாரு! எதுக்கு வாயை மூடிட்டு இருந்தே?"

"நீங்க பேசினீங்களே" என்றாள்.

"என்ன?"

"பேசினீங்களே. கண்ணு போனதிலிருந்து வர்றீங்க, சாப்பிடறீங்க, படுக்கறீங்க. ஒரு சத்தம் கிடையாது. எனக்கு மூஞ்சியும் தெரியல, பேச்சும் இல்லன்னா வீட்டுல ஆள் இருக்கா இல்லையான்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது? அந்த மருந்தைத் தொட்டதுக்கப்புறம்தான் உங்களுக்கு வாயே வந்துச்சு. இடிக்குதுன்னு சொன்னா வேலையை நிறுத்திடுவீங்க. பேச்சும் நின்னுடும். காலு இடிச்சா இடிச்சுட்டுப் போகுதுன்னு இருந்துட்டேன்."

ரேடியோ அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் அதை நிறுத்தினார். பிறகு விளக்குமாற்றை எடுத்துச் சோற்றைக் கூட்டினார்.

இப்போது நாலு நாளில் என்ன செய்ய முடியும்? மறுபடியும் கறுக்கவைக்கலாமென்றால், மேலே பூச்சுக் கொடுத்து மூடியாகிவிட்டது, சாயம் உள்ளே இறங்காது. எல்லாவற்றையும் தேய்த்து எடுக்கப் பத்து நாள் வேண்டும். அந்தப் பத்து நாளைத் தாங்குகிற தோளும் அவரிடம் இல்லை. சாயங்காலம்வரை யோசித்துவிட்டு, இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற கறுப்பு பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வந்தார்.

திறந்துவைத்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். மனசு வர வேண்டுமே! தன் கையால் பெற்ற பிள்ளைக்குத் தானே சூடு போடுகிற மாதிரி இருந்தது. பிறகு பிரஷ்ஷைத் தோய்த்து, தலைமாட்டு ஓரத்தில் பட்டையாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"இது தெரியுதா?"

"லேசா. இன்னும் கொஞ்சம் பட்டையா போடுங்க."

போட்டார்.

"ஆங், இப்பத் தெரியுது! கட்டில் வந்துடுச்சு!" என்றாள், வெளியூர் போன ஆள் திரும்பி வந்துவிட்ட மாதிரி.

மூன்று சாயங்காலம். மேசையின் நாலு ஓரம், நாற்காலி முதுகு, அலமாரி விளிம்பு, கதவு நிலை, எல்லாவற்றிலும் கறுப்புக் கோடு. தோள் சொன்னபடி கேட்காததால் கோடு கோணலும் மாணலுமாக ஓடியது. பட்டறையில் வேறு யாராவது இப்படி ஒரு வேலை செய்திருந்தால் அவரே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பார்.

மகள் சனிக்கிழமை காலையில் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னப்பா இது? ரோட்டுல கோடு போட்ட மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க! இவ்வளவு அழகா வெளுத்துட்டு யாராவது இப்படிப் பாழ் பண்ணுவாங்களா?"

"அப்பாதான் பண்ணாரு, நான் சொல்லித்தான் பண்ணாரு, நீ உள்ள வா" என்றாள் அம்மா.

மகள் அதன்பிறகு கேலி பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா டீ போடுவதைப் பார்த்தாள், மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து கொடுப்பதைப் பார்த்தாள், கட்டிலில் போய் உட்காருவதைப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க ஓர் இடி இல்லை. அவர் ஓரமாக உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிற பிள்ளையின் அப்பா மாதிரி வியர்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அது நடந்தது. சமையலறையிலிருந்து வந்த அம்மா நடு அறையில் எதிலோ கால் தடுக்கிக் குப்புற விழுந்தாள். அவருக்கு உயிரே போய்விட்டது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். மகள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

அம்மா எழுந்து உட்கார்ந்து, தடுக்கிய பொருளைக் கையால் தடவினாள். சாம்பல் நிறப் பெட்டி. மகளுடையது.

"இதை யாருடி நடு வழியில வெச்சது?"

"நான்தாம்மா... சார்ஜர் எடுக்கறதுக்காக..."

"முப்பத்திரண்டு வருஷமா என் வீட்டுல வழியில சாமான் வெக்கற பழக்கம் கிடையாது! மனுஷி நடக்கிற எடத்துல கொண்டாந்து வெக்கறா பாரு பெட்டியை! அறிவிருக்கா உனக்கு? எடுத்து ஓரமா வை!"

மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். "எங்க வீட்டுல தரையே தெரியாதும்மா" என்றாள். "சைக்கிளு, பொம்மை, செருப்பு, ஸ்கூல் பை... ஒருநாள் இருந்த எடத்துல மறுநாள் இருக்காது."

சாயங்காலம் கிளம்பும்போது அப்பாவை வாசலுக்கு அழைத்துப் போனாள். "இப்போதைக்கு இருக்கட்டும்பா. ஆனா மாசாமாசம் வந்து பார்ப்பேன். கண்ணு இன்னும் இறங்குச்சுன்னா அப்புறம் நான் கேக்கமாட்டேன்."

"சரிம்மா" என்றார்.

அவர் உள்ளே வந்தார். ஒரு மாசம் கிடைத்திருந்தது. அதற்கடுத்த மாசம் கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும்? நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு எழுந்து விளக்கைப் போடவும் தெம்பில்லை. வெளுக்க மரமில்லை, கோடு போட ஓரமில்லை. வேலை என்று ஒன்றுமே பாக்கியில்லை. வீடு சத்தமில்லாமல் இருந்தது.

"இருக்கீங்களா?" என்றாள் கட்டிலிலிருந்து.

"இருக்கேன்."

அது போதும் என்று நினைத்தார். போதவில்லை என்று அவருக்கே தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்குப் பட்டறையில..."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சேங்க."

"ஆமா, இல்ல?" என்றார். பிறகு எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "டாக்டர் சொன்ன அன்னிக்கே எனக்குப் பேச்சு போயிடுச்சு. உன்கிட்ட எதைப் பேச ஆரம்பிச்சாலும் அழுதுடுவேனோன்னு பயம். அதான் பேசல."

"அவ்வளவுதானா?" என்றாள். அவர் கை எங்கே இருக்கிறதென்று தேடி, பொரிந்துபோன விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "அழுங்களேன். எனக்கா தெரியப்போகுது?"

அவர் சத்தம் வராமல்தான் அழப் பார்த்தார். மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.